ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடினோம்

விடுதியில் சேர்ந்த முதல் நாள் சீனியர்கள் "எந்த ஊர்டா?" என்று கேட்டார்கள். "மங்களூர்" என்றேன். "அப்படியா! துளு பேசு பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். இது கர்நாடகத்து மங்களூர் இல்லை, விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிற மங்களூர் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "ஓ, விருத்தாசலமா? பீங்கான் ஊரு!" என்று ஒருவர் சொல்ல, அன்றிலிருந்து நான்கு வருஷமும் எனக்குப் 'பீங்கான்' என்றே பெயர். இதைப் படிக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கு என் சொந்தப் பெயர் இன்றும் ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகமே!

மலர்க் குழுவினர் "ஊருக்கு ஏதோ செய்தாயாமே, அதைப் பற்றி எழுது" என்று கேட்டார்கள். செய்தது உண்மை. ஆனால் அது சாதனைக் கதை அல்ல. ஒரு சின்னக் குட்டையின் கதை; அதில் நான் செய்த ஒரு தப்பின் கதை. அந்தத் தப்பு புரிய வேண்டுமானால் எங்கள் பகுதியின் தண்ணீர் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். எனவே வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் மங்களூர்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993ல் இரண்டாகப் பிரிந்தபோது எங்கள் பகுதி கடலூர் மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பது மங்களூர் ஊராட்சி ஒன்றியம். 2011 தேர்தலுக்கு முன்புவரை மங்களூர் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு திட்டக்குடி தொகுதி வந்து, மங்களூர் பெயர் தேர்தல் செய்திகளில் இருந்து மறைந்துவிட்டது.

கடலூர் மாவட்டம் என்றதும் பலருக்கும் கடலும், காவிரிக் கடைமடையும், வீராணமும் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் அப்படி இல்லை. மானாவாரிப் பூமி. மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ். ஆகவே எங்கள் ஊர்களில் குட்டை என்பது அழகுக்கு இருப்பது அல்ல. ஆடு மாடு குடிக்க, துணி துவைக்க, கிணற்றில் ஊற்று நிற்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

எங்கள் ஊர்க் குட்டை சுமார் இரண்டரை ஏக்கர். அதாவது ஒரு ஹெக்டேர். கிழக்குக் கரையில் ஒரு பிள்ளையார், பக்கத்தில் அரசமரம். தெற்கே வரிசையாகப் பனைமரங்கள். மேற்கே காடு மேடு. அந்த மேட்டிலிருந்து ஒரு வாய்க்கால் வந்து குட்டையில் விழும். விழும் என்று சொல்கிறேனே தவிர, நான் சின்னப் பையனாக இருந்த காலத்திலேயே அது விழுந்து பார்த்த ஞாபகம் இல்லை.

ஆறும் குளமும்

'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்று ஒரு பழமொழி உண்டே, அந்த ஆறு எங்கள் விருத்தாசலத்து மணிமுத்தாறுதான்! விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். இங்கே சுந்தரர் பாடி, இறைவனிடம் 12,000 பொன் பெற்றார். அதைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் வரை போவது எப்படி? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. செம்பியன் மாதேவியார் கல்லால் புதுப்பித்த விருத்தகிரீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்களிடம் இன்றும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

பக்தர்களுக்கு அது அற்புதம். எனக்கோ, சிவில் படித்த குணமோ என்னவோ, அதில் இன்னொன்றும் தெரிகிறது. ஆறும் குளமும் எங்கோ ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். ஆற்றில் போட்டது குளத்துக்கு வந்தே தீரும் என்ற நம்பிக்கை!

எங்கள் பகுதி முழுக்க இப்படித் தண்ணீர்க் கதைகள்தான். பெண்ணாடம் தூங்கானைமாடக் கோயிலில் இறைவனுக்குப் பெயரே பிரளயகாலேஸ்வரர். பிரளய வெள்ளத்தைத் தடுத்தவர் என்பது தலபுராணம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் ஊரும் அதுவே. திட்டக்குடி வைத்தியநாத சுவாமி கோயில் வெள்ளாற்றங்கரையில் நிற்கிறது. மேற்கே மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு. கூடலையாற்றூரில் மணிமுத்தாறும் அதனுடன் கூடி, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. மழைக்காலத்தில் இரு கரையும் தொட்டு ஓடும். கோடையில் வெறும் மணல். பத்து நாள் வரும் வெள்ளத்தைப் பத்து மாதத்துக்குப் பிடித்து வைக்க வேண்டும். எங்கள் பகுதியின் தண்ணீர் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

வெலிங்டன் ஏரி

எங்கள் பக்கத்து அடையாளம் என்றால் திட்டக்குடி அருகே கீழச்செருவாயில் உள்ள வெலிங்டன் ஏரி. நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் வில்லிங்டன் பிரபு. (பிறகு இந்தியாவின் வைஸ்ராயாகவும் ஆனார்.) அவர் பெயர்தான் எங்கள் ஜனங்கள் வாயில் வெலிங்டன் ஆகிவிட்டது. வேலை 1913ல் தொடங்கி 1923ல் முடிந்தது. ஏறத்தாழ 30 அடி ஆழம், 2,580 மில்லியன் கன அடி கொள்ளளவு, சுமார் 24 ஆயிரம் ஏக்கர் பாசனம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெள்ளாற்றின் குறுக்கே அணை கட்டி அங்கேயே தண்ணீரைத் தேக்கவில்லை. தொழுதூரில் ஒரு அணைக்கட்டு மட்டும் கட்டி, தண்ணீரை ஒதுக்கி, அங்கிருந்து கால்வாய் வெட்டி, தள்ளியிருக்கிற ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். ஏரி ஓரிடம், அதன் உயிர் வேறிடம். தொழுதூரில் கதவு திறக்கவில்லை என்றாலோ, கால்வாய் தூர்ந்தாலோ, இவ்வளவு பெரிய ஏரி பெரும்பாலும் வானம் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான்.

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று எண்ண வேண்டாம். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் இராசாதித்தன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரியும் இன்று இப்படித்தான் பிழைக்கிறது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. பெரிய ஏரிக்கு அணைக்கட்டும் கால்வாயும் என்றால், எங்கள் ஊர்க் குட்டைக்கு மேட்டுக் காடும் ஒரு முழ வாய்க்காலும். அளவுதான் வேறு, முறை ஒன்றே.

யார் பார்த்துக்கொண்டார்கள்?

முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் பிரசித்தம். பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அந்த ஓலையில் பெயர் வந்தவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவர்களில் ஒரு குழு ஏரி வாரியம்! ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு குழு. ஏரியைத் தூர்வாரும் செலவுக்கென்றே நிலம் ஒதுக்கி, அதற்கு 'ஏரிப்பட்டி' என்று பெயர் வைத்திருந்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன.

பிற்காலத்தில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து, மழைக்கு முன்னால் வாய்க்காலைச் செதுக்கி, கரையில் மண் போட்டு, மதகைச் சரிபார்த்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் திறந்து விட ஒரு ஆள்; வட்டாரத்துக்கு ஏற்ப அவரை நீர்க்கட்டி என்றும் மடையன் என்றும் அழைத்தார்கள். (இன்று திட்டுவதற்குப் பயன்படுத்துகிற சொல், ஒரு காலத்தில் ஊரின் பொறியாளர் பதவி!) அவருக்குக் கூலி, அறுவடையில் ஒரு பங்கு.

கம்பெனி ஆட்சி வந்து, வரி முழுவதும் கஜானாவுக்குப் போனபிறகு, ஊர்ப் பொதுவில் பணமும் இல்லை, பொறுப்பும் இல்லை. வழக்கம் நலிந்தது. சட்டம் போட்டாவது வேலை வாங்கலாம் என்று 1858ல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஊராகச் செய்த வேலை, சட்டத்துக்குப் பயந்து நடக்குமா? 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் மக்கள் மாண்டபிறகு, 1883ல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு. அதற்குக் கீழே உள்ளது ஊராட்சிக்கு. தமிழ்நாட்டில் ஏரிகள் சுமார் 39 ஆயிரம். அதில் பெரும்பகுதி சின்னவை. பாசனமே இல்லாத எங்கள் குட்டை மாதிரியானவை அந்தக் கணக்கிலும் வருவதில்லை. இதற்கிடையில் ஆழ்துளைக் கிணறு வந்தது. 1990ல் விவசாயப் பம்புசெட்டுகள் அனைத்துக்கும் இலவச மின்சாரமும் வந்தது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சோறும் அந்தப் பம்புசெட்டு போட்டதுதான். ஆனால் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் என்றான பிறகு மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போக யாருக்கு மனசு வரும்? வாய்க்காலை ஒருவரும் மூடவில்லை. மறந்தோம், அவ்வளவுதான். மறந்த இடத்தில் முள் முளைத்தது. முள் முளைத்த இடத்தைப் பக்கத்து நிலம் மெல்ல மெல்ல விழுங்கியது.

நான் செய்த தப்பு

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 கோடையில் மாட்டுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. அந்த ஆண்டுதான் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியது. வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் வழி செய்தது. ஊருக்கு ஊர் இளைஞர்கள் குளம் வெட்டக் கிளம்பிய காலம் அது. எனக்கும் ஆசை வந்தது. நம் கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கேட்ட மூன்றாம் நாளே பணம் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் பலர் இந்த மலரைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஊராட்சியில் அனுமதி வாங்கி, 2018 மே மாதம் பொக்லைனை இறக்கினோம். பதினோரு நாள் வேலை. ஒரு மீட்டர் ஆழப்படுத்தினோம். வண்டலை டிராக்டர் டிராக்டராக வயலுக்கு அடித்தார்கள். கரை போட்டு, ரோலர் விட்டு, பிள்ளையாருக்குப் படிக்கட்டும் கட்டினோம். பேப்பரில் போட்டோ வந்தது. குழுவில் எல்லோரும் கை தட்டினார்கள்.

மழை வந்தது. ஒரே ராத்திரியில் ஐந்து சென்டிமீட்டர். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய குட்டையில் கணுக்கால் நனையத் தண்ணீர். அதே நேரம் மேட்டுத் தண்ணீர் ரோட்டின் மேல் ஓடி, யார் யார் கொல்லையிலோ நின்றது.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்திருந்தார். "என்ன தாத்தா இப்படி ஆயிடுச்சு?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, பானையைப் பெருசாக்கிட்டீங்க. நல்லதுதான். ஊத்துறது யாரு?" என்றார்.

பீங்கான் ஊர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. விருத்தாசலத்துச் சூளைகளில் பொம்மையும் பீஸ் கேரியரும் ஜாடியும் பார்த்து வளர்ந்தவன் நான். வாய் இல்லாத ஜாடியை எந்தக் கைவினைஞரும் செய்யமாட்டார். பொறியாளர் நான் செய்துவிட்டேன்!

ஒரு சின்னக் கணக்கு

மாணவத் தம்பி தங்கையரே, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். குட்டை ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழை நேரே அதில் விழுந்தால் 500 கன மீட்டர். உயரம் அதே ஐந்து சென்டிமீட்டர்தான். அன்று நான் கண்டது அதைவிடக் கொஞ்சம் அதிகம். கரையில் வழிந்தது சேர்ந்திருக்கும்.

மேட்டு நீர்ப்பிடிப்பு ஒரு சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே மழையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஓடி வந்தால்கூட 10,000 கன மீட்டர். குட்டையில் முழுசாக ஒரு மீட்டர் உயரும். நான் பதினோரு நாள் தோண்டிய ஆழம் முழுவதையும் ஒரே ராத்திரி நிரப்பியிருக்கும்! ஐந்து சென்டிமீட்டர் எங்கே, ஒரு மீட்டர் எங்கே? இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு முழ அகல வாய்க்கால்.

இன்னொன்று. எங்கள் பகுதியில் வருஷத்துக்கு மழை சுமார் ஒரு மீட்டர். திறந்த நீர்ப்பரப்பில் ஆவியாகப் போவதோ ஒன்றரை மீட்டருக்கு மேல். ஆக, வாய்க்கால் இல்லாத குட்டை வரவைவிடச் செலவு அதிகமான குடும்பம். எத்தனை ஆழம் வெட்டினாலும் கடன்தான். நீரியல் பாடத்தில் நான் நல்ல மார்க் வாங்கியவன். ஆனாலும் பொக்லைன் சத்தத்தில் இந்தக் கணக்கைப் போட மறந்துபோனேன்.

புலப்படம் சொன்ன சேதி

பெரியவரையே கூட்டிக்கொண்டு வாய்க்காலைத் தேடிப் போனேன். கரையிலிருந்து இருபதடி வரை பள்ளம் தெரிந்தது. அப்புறம் கருவேல முள். அதற்கப்புறம் ரோடு. ரோடு போட்டபோது புதைத்த குழாய் மண் அடைத்துக் கிடந்தது. ரோட்டுக்கு மேற்கே ஒன்றுமே இல்லை. ஆளுயரத்துக்கு மக்காச்சோளம். "இங்கதான் ஓடிச்சு" என்று பெரியவர் குச்சியால் காட்டினார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அது எங்கள் கொல்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் 'அ' பதிவேடும் பார்த்தேன். வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக, தனி சர்வே எண்ணோடு இருந்தது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். மூன்று பேர் நிலத்துக்குள் வாய்க்கால் போயிருந்தது. அதில் அதிக நீளம் எங்களுடையது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே சட்டம் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி அப்பாவிடம் பேச முடியுமா?

அப்பா அதை அபகரித்தவர் அல்லர். தாத்தா உழுத இடத்தை உழுதார். தாத்தா காலத்திலும் வருஷத்துக்கு ஒரு சால் தள்ளித் தள்ளி உழுதிருப்பார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும், "ஊர்ப் பணத்துல குட்டை வெட்டி, கடைசியில என் நிலத்துலயே கை வைக்கிறியா?" என்றார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரே கொல்லைக்குப் போனார். "கதிரு அறுத்ததும் வெட்டிக்கலாம். வரப்பை மட்டும் இப்பவே நான் போட்டுக்கிறேன். நீ போட்டா கோணலாப் போகும்" என்றார். எங்கள் நிலத்தில் வாய்க்கால் விட்ட பிறகு மற்ற இருவரிடமும் கேட்பது சுலபமாகிவிட்டது. கேட்கும் யோக்கியதை எனக்கு வந்துவிட்டதே!

2019ல் வாய்க்கால் முழுவதும் வெட்டினோம். பொக்லைன் வேண்டியிருக்கவில்லை. ரோட்டுக் குழாயைச் சுத்தம் செய்ய மட்டும் இரண்டு வருஷம் நடையாய் நடந்தேன். 2021 நவம்பர் மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதம் ஒரு நாள் இரவு அப்பா போன் செய்தார். நான் சென்னையில் இருந்தேன். "குட்டை கோடி போகுதுடா" என்றார். அவ்வளவுதான் பேசினார். பின்னணியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

முடிவாக

நண்பர்களே, நீங்கள் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் தேவையில்லாத இடத்தில் செலவழித்தேன் என்பதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். முதலில் வாய்க்காலைப் பார்த்திருந்தால், இன்னும் இரண்டு ஊர்க் குட்டைக்கு அந்தப் பணம் போதும். நாடு முழுவதும் மாவட்டத்துக்கு 75 குளம் என்று 2022ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இன்னும் பல திட்டங்கள் வரும், வரட்டும். குழி வெட்டுவதைப் போட்டோ எடுக்கலாம், அளந்து பில் போடலாம். வருஷா வருஷம் ஆடி மாதம் போய் வாய்க்கால் செதுக்குவதைப் போட்டோ எடுக்க யாரும் வரமாட்டார்கள். உத்திரமேரூர்க்காரர்கள் அதற்கு ஒரு வாரியம் வைத்தது சும்மா இல்லை. எங்கள் ஊரில் இப்போது ஆடி மூன்றாம் ஞாயிறு வாய்க்கால் வேலை. வீட்டுக்கு ஒரு ஆள் என்று சொல்லியிருக்கிறோம். பாதி வீடு வருகிறது. மீதி வீடும் வரும்.

இப்போது படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்க் குளத்தின் புலப்படத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். தண்ணீர் வருகிற வழி எங்கே தொடங்குகிறது, எங்கே காணாமல் போகிறது என்று நடந்து பாருங்கள். அது யார் நிலத்தில் மறைகிறது என்பதையும் தைரியமாகப் பாருங்கள். என்னைப் போல உங்கள் வீட்டு நிலமாகவும் இருக்கலாம். சுந்தரர் ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுத்தார். அவருக்கு இறைவன் வழி செய்தார். நமக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் ஊர் வாய்க்கால் கதையைக் கொண்டுவாருங்கள். கேட்கக் காத்திருக்கிறேன். டீ என் செலவு!